முப்பத்தேழாம் வீட்டுத் தண்ணீர்

என் வீட்டு மாடியில் குடியிருப்பவளைத் தெருவே பாட்டில்காரி என்றுதான் கூப்பிடும். பெயர் வைத்தவள் நான். குடிவந்த அன்று அவளிடம் இருந்தது ஒரு பெட்டி துணி, எட்டுப் பெட்டி காலிப் பாட்டில். பழைய சாமான் வியாபாரம் பண்ணப்போகிறாளோ என்று கேட்டேன். "இல்ல அத்தை, தண்ணி பரிசோதனை" என்றாள். தண்ணீரில் பரிசோதிக்க என்ன இருக்கிறது, குடித்தால் தாகம் அடங்கும், அடங்காவிட்டால் இன்னொரு டம்ளர் குடிக்கலாம் என்றேன். சிரித்தாள். சிரித்தால் அவளுக்குப் பத்து வயது குறையும். அதிகம் சிரிக்க மாட்டாள்.

நாற்பத்தொரு வயது. புருஷன் வெளியூரில் வேலை என்பாள். ஐந்து வருஷத்தில் அந்த வேலைக்காரனை ஒருநாள்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை வாயைக் கிளறினேன். "நல்லவர்தான் அத்தை. என்ன, கூட இருக்கத் தெரியாது" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். என் புருஷன் முப்பது வருஷம் கூடவே இருந்தான். அதற்கு வெளியூரே மேல் என்று நான் நினைக்காத நாள் குறைவு. செத்தவனைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று கேட்பார்கள். இருந்தபோது முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்லக்கூடாதா.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவள் பதினொரு வருஷம் பாட்டில் கழுவியவள். நிஜமாகவே கழுவியவள். சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை, அமிலத்தில் ஒரு நாள் ஊறல், சுத்த நீரில் மூன்று தடவை அலசல். கழுவிக்கொண்டே தபாலில் படித்தாள். ஒரு பட்டம், இரண்டு பட்டம் என்று வாங்கி, அதே கூடத்தில் ஆராய்ச்சி உதவியாளர் ஆனாள். நிரந்தரம் இல்லை, வருஷா வருஷம் ஒப்பந்தம். அவள் பெயர் முதலில் போட்டு ஒரு கட்டுரையாவது ஆய்விதழுக்குப் போனால்தான் அடுத்த ஒப்பந்தம் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். போகாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் பழைய இடத்தில் பாட்டில் கழுவ வேறு ஆள் வந்தாயிற்று.

அவள் எடுத்துக்கொண்டது எங்கள் தெருவை. இங்கே குழாய்கள் பழையவை. மண்ணுக்குள்ளே சில இடத்தில் ஈயக் குழாய் இருக்கிறதாம். ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரில் அந்த ஈயம் கரையும். விடிந்ததும் குழாயைத் திறந்தால் முதலில் வருகிற தண்ணீரில் அது இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ருசியும் மாறாது. பிள்ளைகளின் மூளைக்கு ஆகாது. அதனால் வீட்டுக்கு ஒரு பாட்டில் முந்தின நாளே கொடுத்துவிடவேண்டும். காலையில் வேறு எதற்கும் குழாயைத் திறக்காமல் முதல் தண்ணீரை அதில் பிடிக்கவேண்டும். அறுபத்துநாலு வீடு. பாட்டிலுக்குப் பாட்டில் வீட்டு எண்.

போன வருஷம் பிடித்த தண்ணீர். எழுத ஆறு மாதம். அனுப்பினாள். ஆய்விதழ்க்காரர்கள் அதை இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்களாம். முதல் ஆள் நன்றாக இருக்கிறது என்று நாலு வரி எழுதினான். இரண்டாவது ஆள் நாலு பக்கம் எழுதினான். அவனுக்கு நோண்டி என்று பெயர் வைத்தேன். நோண்டியின் கேள்விக்கெல்லாம் பதில் எழுதி, கட்டுரையைத் திருத்தி, அறுபது நாளில் திரும்ப அனுப்பவேண்டும். அறுபதாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசல் சாத்திவிடுவார்கள். கம்ப்யூட்டருக்குள்ளேதான் வாசல், ஆனால் சாத்தினால் சாத்தியதுதான்.

அந்த அறுபதாம் நாள்தான் இதெல்லாம் நடந்தது.

அவளுக்கு ஒரு பழக்கம். இங்கிலீஷில் எழுதியதைப் பத்தி பத்தியாகத் தமிழில் எனக்குச் சொல்லிப் பார்ப்பாள். எனக்கு எழுத்து தெரியாது. பஸ்ஸுக்கும் போனுக்கும் வேண்டி எண் மட்டும் தெரியும். "உங்களுக்குப் புரிஞ்சா உலகத்துக்கே புரியும் அத்தை" என்பாள். இதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மணி பன்னிரண்டரை. அவள் அறைத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் மேஜையில். நோண்டியின் கேள்விகளில் ஒன்று மட்டும் மிச்சம்.

"கேளுங்க. 'முப்பத்தொன்று முதல் முப்பத்தேழு வரையுள்ள ஏழு வீடுகளில் ஈயத்தின் அளவு படிக்கட்டு மாதிரி வரிசையாக இறங்குகிறது. இருபத்திரண்டு, பத்தொன்பது, பதினாறு, பன்னிரண்டு, ஒன்பது, ஏழு, ஐந்து. இயற்கையில் இவ்வளவு ஒழுங்கு வருமா? விளக்குக.' இதான் கேள்வி. இதுக்கு நான் ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன் அத்தை. அந்த ஏழு வீடும் ஒரே கிளைக் குழாய். ஈய இணைப்பு ஆரம்பத்துல இருக்கு. அதுக்குப் பக்கத்து வீட்டுல அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையுது. இந்தப் படம்தான் கட்டுரையிலேயே அழகு. எப்படி, புரியுதா?"

"எந்த ஏழு வீடு?"

"பின்வரிசை. நீங்கதானே வாங்கிட்டு வந்து குடுத்தீங்க."

நான் தலையைக் குனிந்து வெங்காயத்தைப் பார்த்தேன்.

பின்வரிசைக்காரர்கள் இவளைப் பார்த்தால் வரி ஆபீஸ் ஆள் என்று கதவு திறக்க மாட்டார்கள். அதனால் அந்த ஏழு பாட்டிலையும் என்னிடம் கொடுத்திருந்தாள். பின்வரிசைக்குப் போக முப்பத்தொன்றாம் வீட்டு வாசலைத் தாண்டவேண்டும். அந்த வீட்டுக்காரியோடு எனக்குப் பேச்சு இல்லை. கொடியில் துணி காயப்போட்ட தகராறு. நான் இறங்கிப் போவதாக இல்லை. பாட்டில்கள் என் சமையலறையிலேயே கிடந்தன. விடிந்ததும் பார்த்தேன். எல்லாம் ஒரே தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர்தானே, இதில் என் வீடு என்ன அவள் வீடு என்ன என்று என் குழாயைத் திறந்து ஏழையும் வரிசையாகப் பிடித்தேன். இவள் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள், ராத்திரி குழாய் திறக்கலையே, முதல் தண்ணிதானே என்று. ஏழு வீட்டுக்கும் ஆமாம் போட்டேன்.

யார் புடவை கிழிந்திருக்கிறது, யார் பிள்ளை திருடுகிறான் என்று நேருக்கு நேர் சொல்லிவிடுகிறவள் நான். இதை மட்டும் ஒரு வருஷம் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை, அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. இப்போது அந்த ஏழு எண்ணையும் வரிசையாகக் கேட்டதும் கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் போட்டேன்.

"அது ஏழு வீட்டுத் தண்ணி இல்லடி" என்றேன். "என் வீட்டுத் தண்ணி."

"எது?"

"ஏழும்தான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியைத் திருப்பிப்போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எந்தக் குழாய்?"

"சமையல்கட்டு."

"எந்த பாட்டில் முதல்ல?"

"முப்பத்தொண்ணு. எண் வரிசைப்படிதான் பிடிச்சேன். கலந்துடக் கூடாதுல்ல."

"நடுவுல குழாயை மூடினீங்களா?"

"மூடல. ஒண்ணை எடுத்தேன், ஒண்ணை வச்சேன்."

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தேடினாள். என் வீடு பன்னிரண்டாம் எண். அதற்கு முந்தின வாரமே தனியாகப் பிடித்துக் கொடுத்திருந்தேன்.

"பன்னெண்டாம் வீடு இருபத்தொண்ணு. முப்பத்தொண்ணு இருபத்திரண்டு" என்றாள்.

"அப்படின்னா?"

"அப்படின்னா நீங்க இப்ப உண்மை சொல்றீங்க. குழாயைத் திறந்துவிட்டா, நின்ன தண்ணி போகப் போக ஈயம் குறையும். அதான் படிக்கட்டு."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கண்ணாடி இல்லாமல் அவள் முகம் யாரோ மாதிரி இருந்தது. கடிகாரம் ஒன்றுக்குப் பத்து நிமிஷம் என்று காட்டியது.

தப்பு பண்ணியவள் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். எனக்கு அது வராது. "இப்ப என்ன ஆயிடுச்சு?" என்றேன். "நீ எழுதினது அழகா இருக்கு. அப்படியே அனுப்பிடு. நோண்டி வந்து என் குழாயையா திறந்து பாக்கப் போறான்? நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"முப்பத்தேழாம் வீட்டுல யாரு இருக்கா அத்தை?"

"தபால்காரனும் பெண்டாட்டியும்."

"அப்புறம்?"

"கைக்குழந்தை" என்றேன்.

"அந்த வீட்டுக்கு அஞ்சு. நல்ல தண்ணி. பத்துக்குக் கீழ இருந்தா பயமில்ல. அப்படித்தான் எழுதியிருக்கேன். எல்லா வீட்டுக்கும் முடிவை எழுதித் தபால்ல சீட்டு அனுப்பினேனே, அவங்க அதைக் குழாய்க்கு மேல ஒட்டி வச்சிருக்காங்களாம். அந்த வீட்டுலேருந்து நான் ஒரு சொட்டுகூட எடுக்கல."

வெங்காயத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

அவள் துறைத்தலைவருக்குப் போன் போட்டாள். கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது, கேட்காமல் மாற்றக்கூடாது. ஸ்பீக்கரைப் போட்டு போனை மேஜைமேல் வைத்துப் பேசினாள். எனக்கும் கேட்டது.

"சார், மூணாவது படத்தை எடுக்கணும். அது ஏழு வீடு இல்ல. ஒரே குழாய்."

விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தப் படிக்கட்டுதாம்மா பேப்பரே. அதை எடுத்துட்டா இது வெறும் கணக்கெடுப்பு. இதுக்கா அறுபது நாள்?"

"தப்பான தகவல் சார்."

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியும். அவ்வளவுதானே? அப்படியே அனுப்பு. திங்கட்கிழமை உன் ஒப்பந்த ஃபைல் என் மேஜைக்கு வருது, ஞாபகம் வச்சுக்கோ."

"அந்தம்மா இங்கதான் உக்காந்திருக்கா சார்" என்றேன் நான்.

அவர் இருமினார். "நான் சொல்ல வந்தது வேற" என்றார். என்ன வேறு என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டார். சற்று முன்னால் நான் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். என் வாயில் வந்தபோது நியாயமாகத் தெரிந்தது.

பாட்டில்காரி எழுந்துபோய் முகம் கழுவினாள். திரும்பி வந்து ஒரு கடிதம் தட்டினாள். மூன்றாவது படம் நீக்கப்படுகிறது, ஏழு வீடுகள் நீக்கப்படுகின்றன, உங்கள் பெயர் இருக்கவேண்டாம் என்றால் நாலு மணிக்குள் சொல்லவும் என்று துறைத்தலைவருக்கு. அதைத் தமிழில் எனக்கும் சொல்லிவிட்டு அனுப்பினாள். ஒரு மணி இருபது.

அதற்கப்புறம் நான் பார்த்த பாட்டில்காரியை அதற்கு முன் பார்த்ததில்லை. அறுபத்துநாலில் ஏழு போனால் ஐம்பத்தேழு. அது ஒரு கழித்தல்தான் என்று நினைத்தேன். அது இல்லை. ஆபத்தான வீடு இருபத்துமூன்று என்றிருந்தது பத்தொன்பது ஆனது. நூற்றுக்கு முப்பத்தாறு என்றிருந்தது முப்பத்துமூன்று ஆனது. அட்டவணை மாறியது, அட்டவணையைப் பற்றிய பேச்சு மாறியது, அதை வைத்து எழுதிய முடிவு மாறியது. ஒரு செங்கல்லை உருவினால் சுவரெல்லாம் பேர்த்துக் கட்டவேண்டியிருந்தது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். சாப்பிடுடி என்றேன். கேட்கவில்லை. உரித்த வெங்காயம் தட்டிலேயே காய்ந்தது.

மூன்றரைக்குக் காகிதக் கட்டு ஒன்றை என்னிடம் நீட்டினாள். முப்பத்திரண்டு பக்கம், பென்சில் ஒன்று.

"அத்தை, உங்களுக்கு எண் தெரியும்ல? அறுபத்துநாலுன்னு எங்க இருந்தாலும் வட்டம் போடுங்க. ஒண்ணு தப்பினாலும் நோண்டி என்னைப் பொய்க்காரிம்பான்."

விரல் வைத்து வரி வரியாகப் போனேன். எழுத்தெல்லாம் எனக்கு எறும்புதான். எறும்புகளுக்கு நடுவே ஆறும் நாலும் சேர்ந்து நிற்கிறதா என்று பார்ப்பது அரிசியில் கல் பொறுக்குவதைவிடக் கஷ்டமில்லை. அவள் கம்ப்யூட்டரைத் தேடச் சொன்னாள்; அது பதினெட்டு என்றது. நான் எண்ணினேன்.

"பத்தொன்பது" என்றேன்.

"பதினெட்டுதான் அத்தை."

"உன் கம்ப்யூட்டருக்குக் கண் அவிஞ்சுபோச்சு. இந்தா பார்."

தெருவின் வரைபடம். ஓரத்தில் பொடி எழுத்தில் அறுபத்துநாலு. படத்துக்குள் இருக்கிற எண்ணைக் கம்ப்யூட்டர் தேடாதாம். வரைபடத்தைத் திரும்ப வரையவேண்டியதாயிற்று. பின்வரிசை ஏழு வீடும் அதில் வெள்ளைக் கட்டங்கள் ஆயின. பார்க்கப் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

நாலு மணி அடித்தது. துறைத்தலைவரிடமிருந்து பதில் இல்லை.

"பதில் வரலைன்னா என்ன அர்த்தம்?"

"பேரை எடுக்கச் சொல்லலைன்னு அர்த்தம்" என்றாள். "பேப்பர் வந்தா அவர்து, மாட்டினா என்னது." அன்றைக்கு அவள் சொன்ன ஒரே பொல்லாத வார்த்தை அதுதான். எனக்குத் திருப்தியாக இருந்தது.

கடைசியாக நோண்டிக்குப் பதில். ரெண்டு பக்கத்தை அழித்துவிட்டு அஞ்சு வரி எழுதினாள். எழுதுமுன் என்னைப் பார்த்தாள்.

"உங்களைப் பத்தி எழுதணும் அத்தை."

"என் பேர் வருமா?"

"வராது. 'தண்ணீர் சேகரித்தவர்'னு வரும்."

"திருடின்னு போடாம இருந்தா சரி. என்ன எழுதப் போறே?"

"நீங்கள் கேட்டது சரி. அந்த ஏழும் ஒரே குழாயில் அடுத்தடுத்துப் பிடித்தவை. சேகரித்தவர் இன்று எங்களிடம் சொன்னார். நாங்கள் சரிபார்த்திருக்கவேண்டும், பார்க்கவில்லை. ஏழையும் நீக்கிவிட்டோம்."

"நாங்கள்னு எதுக்குப் போடறே? நான் பண்ணினதுதானே?"

"சீட்டுல எழுதினது நான். அஞ்சு நிமிஷ நடை, ஒரு வீட்டுல கூடக் கதவைத் தட்டிக் கேட்கல."

நாலு முப்பத்தைந்துக்குக் கம்ப்யூட்டர் வாசலுக்குள் நுழைந்தாள். அது கேட்கிற கேள்வி இருக்கிறதே, வரன் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கேட்க மாட்டார்கள். இந்தப் பெட்டியில் கட்டுரை, அந்தப் பெட்டியில் படம், வேறெங்கும் அனுப்பவில்லையே, எல்லோரும் சம்மதித்தார்களா. அந்தக் கேள்வியில் அவள் விரல் நின்றது. துறைத்தலைவருக்கு மறுபடி போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். நாலு நாற்பத்தெட்டு.

"சொல்லும்மா."

"சம்மதமா சார்? ஆமா, இல்ல, ஏதாவது ஒண்ணு."

"நீ முடிவு பண்ணிட்டே. அப்புறம் என்ன?"

"நான் கேட்டது அது இல்ல சார்."

"அனுப்பித் தொலை. சம்மதம்" என்றார்.

கட்டத்தில் சரி போட்டாள். படம் பெரிது, ஏற்க முடியாது என்று சிவப்பில் வந்தது. சுருக்கினாள். வட்டம் ஒன்று சுற்றியது, சுற்றியது. நான் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு ஐம்பத்தேழுக்கு வட்டம் நின்றது. 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். அழுவாள் என்று பார்த்தேன். "பசிக்குது அத்தை" என்றாள்.

ஆனால் அதோடு முடியவில்லை. அன்று சாயங்காலமே ஏழு பாட்டிலை எடுத்து என் கையில் நாலைத் திணித்தாள். "வாங்க" என்றாள். முழங்கால் வலி என்றேன். "வாங்க" என்றாள் மறுபடி.

முப்பத்தொன்றாம் வீட்டுக்காரி வாசலிலேயே நின்றாள். "வழி இப்பதான் தெரிஞ்சுதா?"

"வழி எப்பவும் தெரியும். உன் மூஞ்சிதான் பிடிக்கல. இந்தா பாட்டில். காலையில முதல் தண்ணி. வேற எதுக்கும் குழாயைத் திறந்தே, அப்புறம் இருக்கு உனக்கு."

வாங்கிக்கொண்டாள். நானாக இருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

நாலாம் நாள் முடிவு வந்தது. ஆறு வீடு பரவாயில்லை. முப்பத்தேழு மட்டும் முப்பத்துநாலு. என் வீட்டைவிட மோசம். "நீங்க வரவேண்டாம், நானே சொல்லிக்கறேன்" என்றாள் பாட்டில்காரி. நான் கேட்கவில்லை, கூடவே போனேன்.

குழந்தை தபால்காரன் பெண்டாட்டியின் இடுப்பில் இருந்தது. அந்தப் பெண்ணிடம் நடந்ததை நானே சொன்னேன்: கொடித் தகராறு, என் குழாய், ஏழு பாட்டில், ஒன்று விடாமல். "எட்டு மாசமா இதுலதான் பால் கலக்கறேன்" என்றாள். பிறகு குழாய்க்கு மேல் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்து என் கையில் வைத்தாள். மற்ற எழுத்து எனக்குத் தெரியாது. ஐந்து தெரியும்.

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் இருக்கிறது. தண்ணீரை மாற்றினால் இறங்கும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்குத் தினம் காலையில் பாட்டில்காரி ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுபோகிறாள். நான் கொண்டுபோனால் அந்தப் பெண் வாங்க மாட்டேன் என்கிறாள். அதில் தப்பில்லை.

கட்டுரையைச் சின்னக் கட்டுரையாகப் போடுகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். நோண்டி இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறான், அந்த ஒற்றைக் குழாயில் அடுத்தடுத்து மறுபடி பிடித்துப் பார்த்தீர்களா என்று. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதம் வந்தது. துறைத்தலைவர் அவளோடு பேசுவதில்லை. ஃபைலில் கையெழுத்து மட்டும் போட்டார்.

காலையில் என் குழாயைத் திறந்தால் நாலு பாட்டில் தண்ணீரை வாளியில் விட்டுத் தரை துடைக்க வைக்கிறேன். ஐந்தாவதிலிருந்துதான் குடிக்கப் பிடிக்கிறேன். படிக்கட்டில் ஐந்தாவது ஒன்பது, பத்துக்குக் கீழே. நேற்று மறந்துபோய் முதல் தண்ணீரை டம்ளரில் பிடித்துவிட்டேன். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டாள். வந்து டம்ளரை வாங்கி வாளியில் ஊற்றினாள். குடத்தை எடுத்துக்கொண்டு பின்வரிசைப் பக்கம் நடந்தாள்.